குதிகால் முள் வலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் குதிகால் வலிக்காக என்னிடம் பிசியோதெரபிக்கு வருபவர்களும், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நிறுத்திப் பேசும் அக்கம்பக்கத்தாரும் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்கள். உங்கள் காலைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

எக்ஸ்ரேயில குதிகால் எலும்பு முள்ளு மாதிரி வளர்ந்திருக்குன்னு சொல்றாங்க. அது குத்துறதாலதான் வலிக்குதா?

பெரும்பாலும் இல்லை. படத்தில் கூராகத் தெரிவதால் நடக்கும்போது அது சதையைக் குத்துகிறது என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த எலும்பு வளர்ச்சி தரையை நோக்கி நிற்பதில்லை. விரல்களை நோக்கிக் கிடைமட்டமாக நீண்டிருக்கிறது. அதற்கும் தரைக்கும் இடையே கொழுப்பாலான தடித்த மெத்தையும் இருக்கிறது. பத்துப் பேரில் ஒருவருக்கு இத்தகைய முள் இருக்கிறது என்றும், அப்படி இருப்பவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான் வலி இருக்கிறது என்றும் அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்களின் கழகம் குறிப்பிடுகிறது. வலிக்காத காலை எக்ஸ்ரே எடுத்தால் அதிலும் முள் தெரியலாம்.

வலிப்பது பெரும்பாலும் அதை ஒட்டியிருக்கும் நார்ப்பட்டை. குதிகால் எலும்பின் அடியிலிருந்து கால்விரல்களின் அடிப்பகுதிவரை ஓடும் இந்தப் பட்டை, வில்லின் நாணைப் போலப் பாதத்தின் வளைவை இழுத்துப் பிடித்திருக்கிறது. பிளான்டர் ஃபேசியா என்பது அதன் மருத்துவப் பெயர். அது எலும்போடு ஒட்டும் இடத்தில் தாங்கக்கூடியதைவிட அதிகச் சுமை நெடுநாள் விழும்போது நார்கள் நைந்து தடித்து வலிக்கத் தொடங்குகின்றன. முள்ளும் அதே இடத்தில் பல ஆண்டுகள் விழுந்த சுமையின் அடையாளம்தான். ஆகவே சிகிச்சை முள்ளைக் குறிவைப்பதில்லை. நார்ப்பட்டையையும் அதன்மேல் விழும் சுமையையும் குறிவைக்கிறது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒன்றையே அடிப்படையாகக் கொண்டவை.

காலையில கட்டில விட்டு இறங்கி வைக்கிற முதல் அடியிலதான் உயிர் போகுது. நடக்க நடக்கக் குறைஞ்சிடுது. இது என்ன கணக்கு?

உறங்கும்போது பாதம் கீழ்நோக்கி மடங்கியிருப்பதால் நார்ப்பட்டையும் கெண்டைக்கால் தசையும் சுருங்கிய நிலையிலேயே இரவு முழுவதும் கிடக்கின்றன. எழுந்து முதல் அடி வைத்ததும் உடல் எடை முழுவதும் ஒரே நொடியில் அதன்மேல் இறங்கி அதை இழுக்கிறது. சில நிமிடங்கள் நடந்தபின் பட்டை தளர்ந்து வலி குறைகிறது. பேருந்திலோ திரையரங்கிலோ நெடுநேரம் அமர்ந்து எழும்போது வலிப்பதற்கும், நாள் முழுவதும் நின்றபின் மாலையில் மீண்டும் வலி கூடுவதற்கும் காரணம் இதுவே. மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்பே நோயைக் கண்டுகொள்வது பெரும்பாலும் இந்த முதல் அடி வலியைக் கேட்டுத்தான்.

நான் ஓடுறதும் இல்ல, ஆடுறதும் இல்ல. எனக்கு ஏன் வந்துச்சு?

ஓட்டக்காரர்களுக்கு வருவது உண்மைதான். ஆனால் நான் அதிகம் பார்ப்பது 40 முதல் 60 வயதுக்குள், வேலை நேரம் முழுவதும் நின்றுகொண்டே இருப்பவர்களை: உணவங்காடிக் கடைக்காரர்கள், பாதுகாவலர்கள், ஆசிரியர்கள், துப்புரவாளர்கள், வீட்டு வேலையோடு பேரப்பிள்ளைகளையும் தூக்கிச் சுமக்கும் பாட்டிமார்கள். உடல் எடை கூடியிருப்பதும், கெண்டைக்கால் தசை இறுகிக் கணுக்கால் மேல்நோக்கி நன்றாக மடங்காதிருப்பதும், நின்றே செய்யும் வேலையும் சேர்ந்தால் வாய்ப்பு மிகவும் கூடுகிறது.

இன்னொன்றையும் கேட்டுப் பார்ப்பேன்: கடந்த சில மாதங்களில் என்ன மாறியது? நாளுக்குப் பத்தாயிரம் அடி நடப்பதாகத் திடீரென்று முடிவெடுத்தது, புதிய வேலை, ஊருக்குப் போய் ஒரு மாதம் வெறுங்காலோடு திரிந்தது என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் வெளிவரும். பாதம் சுமைக்குப் பழகக்கூடியதுதான். அதற்குக் கால அவகாசம் வேண்டும்.

எலும்பு வளருதுன்னா பாலையும் கால்சியம் மாத்திரையையும் நிறுத்திடவா? யூரிக் ஆசிட் கூடினதாலன்னும் சொல்றாங்களே?

நிறுத்த வேண்டாம். உண்ணும் கால்சியம் போய்ச் சேர்ந்து முள்ளாவதில்லை. எலும்புத் தேய்மானத்துக்காக மருத்துவர் கொடுத்த மாத்திரையை இந்தப் பயத்தால் நிறுத்திவிடும் பெண்கள் இருக்கிறார்கள். அதனால் விளையும் கேடு குதிகால் வலியைவிடப் பெரிது. யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதம் பெரும்பாலும் பெருவிரல் மூட்டில் திடீரென்று வீங்கிச் சிவந்து வலிக்கும்; காலையில் முதல் அடியில் வலித்துப் பிறகு குறையும் இயல்பு அதற்கு இல்லை.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி வீட்டுல என்ன செஞ்சு பார்க்கலாம்?

நான் முதலில் சொல்லிக்கொடுப்பது கட்டிலை விட்டு இறங்குமுன் செய்யும் பயிற்சி. கட்டில் விளிம்பில் அமர்ந்து வலிக்கும் காலை மற்றக் காலின் முழங்கால்மேல் குறுக்காக வையுங்கள். கால்விரல்களை அடிப்பகுதியில் பிடித்துக் கணுக்காலை நோக்கி இழுங்கள். மற்றக் கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தால் ஒரு நாண் விறைத்திருப்பது தெரியும். அது தெரியாவிட்டால் போதிய அளவு இழுக்கவில்லை என்று பொருள். பத்து நொடி பிடித்துவிட்டு விடுங்கள். இப்படிப் பத்து முறை, ஒரு நாளில் மூன்று வேளை. இதை நிற்கும் முன் செய்வதுதான் முக்கியம். குளியலறைக்குப் போய்வந்து செய்தால் பாதிப் பயன் போய்விடும். 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கெண்டைக்காலை மட்டும் நீட்டியவர்களைவிட இந்தப் பயிற்சியைச் செய்தவர்களுக்கு எட்டு வாரங்களில் கூடுதல் நிவாரணம் கிடைத்தது. ஆயினும் கெண்டைக்காலையும் விட்டுவிடக் கூடாது: சுவரில் கைகளை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் நீட்டிக் குதிகால் தரையை விட்டு எழாமல் முப்பது நொடி நில்லுங்கள். பிறகு அதே நிலையில் முழங்காலைச் சற்று மடக்கி இன்னொரு முப்பது நொடி.

கடும் வலி சற்று அடங்கியபின் நார்ப்பட்டையை வலுப்படுத்த வேண்டும். பலர் நீட்டும் பயிற்சியோடு நின்றுவிடுவதால் அரைகுறையாகவே குணமடைகிறார்கள். கைப்பிடி உள்ள படிக்கட்டில் ஒரு படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, சுருட்டிய துண்டு ஒன்றை விரல்களுக்கு அடியில் கொடுத்து, குதிகாலை மெதுவாக உயர்த்துங்கள். உயர்த்த மூன்று நொடி, மேலே இரண்டு நொடி, இறக்க மூன்று நொடி. பன்னிரண்டு முறை கொண்ட மூன்று சுற்றுகள், ஒருநாள் விட்டு ஒருநாள். முடியாதவர்கள் இரண்டு கால்களையும் சேர்த்துத் தொடங்கலாம். 2014இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, இதைச் செய்தவர்கள் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட மூன்றாம் மாதத்தில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே விரைவாகத் தேறுவதற்கு இது உதவுகிறது என்று கொள்ளலாம்.

பயிற்சியின்போது ஓரளவு வலிப்பதில் தவறில்லை. மறுநாள் காலை முதல் அடி வலி முன்பைவிடக் கூடியிருந்தால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாலையில் வலி மிகுந்தால், உறையவைத்த தண்ணீர் போத்தலைத் துணியில் சுற்றி உள்ளங்காலின் கீழ் பத்து நிமிடம் உருட்டலாம்.

எங்கம்மா செங்கல்லைச் சூடு பண்ணி, எருக்க இலை வச்சு, அதுமேல குதிகாலை வைக்கச் சொல்றாங்க. செய்யலாமா?

வெதுவெதுப்பான ஒத்தடம் தசையைத் தளர்த்தும். அதனால் சிறிது நேரம் இதமாக இருக்கும். இலை முள்ளைக் கரைக்கும் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. அம்மா சொல்வதைத் தட்ட மனம் வராவிட்டால், பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் காலை வைத்துக்கொள்ளுங்கள், அதே இதம் கிடைக்கும். எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் என் பதில் கண்டிப்பானது: செங்கல்லும் வேண்டாம், சுடுதண்ணீர்ப் பையும் வேண்டாம், பனிக்கட்டியும் வேண்டாம். நரம்பு மரத்திருந்தால் தோல் வெந்தாலும் உறைந்தாலும் உங்களுக்குத் தெரியாது. சிங்கப்பூரில் நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. பாதத்தில் ஆறாத புண் வந்துவிட்டால் குதிகால் வலியெல்லாம் ஒரு பொருட்டாகவே இருக்காது.

எங்க புளோக் பக்கத்துல கூழாங்கல் பாதை இருக்கு. தினமும் அதுல நடந்தா சரியாயிடுமா?

வலி இருக்கும் காலத்தில் வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வட்டாரப் பூங்காக்களில் உள்ள அந்தப் பாதைகள் நல்ல பாதம் உடையவர்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கலாம். நைந்திருக்கும் நார்ப்பட்டையின்மேல் உடல் எடை முழுவதையும் ஒரு கல்லின் முனையில் இறக்குவது புண்ணைக் குத்திக் கிளறுவதுதான். நீரிழிவுக்காரர்களைப் பற்றி மேலே சொன்னது இங்கும் பொருந்தும். பாதத்தை அழுத்திவிட வேண்டும் என்று தோன்றினால் நாற்காலியில் அமர்ந்து ஒரு டென்னிஸ் பந்தை உருட்டுங்கள். அழுத்தத்தின் அளவு அப்போது உங்கள் கையில் இருக்கும்.

எந்த மாதிரி செருப்பு வாங்கணும்? காலுக்குன்னே அச்செடுத்துச் செய்யுற இன்சோல் வேணுமா?

காலணியைப் பற்றிப் பேசுமுன் வீட்டுத் தரையைப் பற்றிப் பேச வேண்டும். நாம் காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு, வழவழப்பான கடினத் தரையில் வெறுங்காலோடு மணிக்கணக்கில் சமைக்கிறோம், துடைக்கிறோம், நிற்கிறோம். விலை உயர்ந்த காலணி வாங்கியும் வலி குறையவில்லை என்று சொல்பவர்களிடம் வீட்டில் என்ன அணிகிறீர்கள் என்று கேட்டால் பதில் வராது. வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கென்று வளைவைத் தாங்கும் தடித்த அடி கொண்ட ஒரு ஜோடிச் செருப்பை ஒதுக்குங்கள். பூஜை அறைக்கு வெளியே அதைக் கழற்றி வைத்தால் யாருக்கும் மனக்குறை இருக்காது.

வெளியே அணியும் காலணியின் குதிகால் பகுதி முன்பகுதியைவிட ஓரிரு சென்டிமீட்டர் உயர்ந்தும், பின்புறம் விறைப்பாகவும் இருக்கட்டும். இரு கைகளாலும் பிடித்து முறுக்கினால் துணிபோல் திருகிக்கொள்ளும் காலணி வேண்டாம். கடற்கரைக்கு அணியும் தட்டையான ரப்பர் சிலிப்பரில் முஸ்தபா கடைத்தொகுதியை ஒரு சுற்று சுற்றிவருவது இந்த வலிக்கு விருந்து வைப்பதற்குச் சமம். இன்சோலைப் பொறுத்தவரை, கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் வளைவு தாங்கியுள்ளவற்றுக்கும் தனியாக அச்செடுத்துச் செய்தவற்றுக்கும் பெரும்பாலானோருக்குப் பெரிய வேறுபாடு இல்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. முதலில் மலிவானதை வாங்கிச் சில வாரம் பயன்படுத்திப் பாருங்கள்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கறதா வேண்டிக்கிட்டேன். இந்தக் காலோட நடக்க முடியுமா?

சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை 3 கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான தூரம், வெறுங்கால், நடுநடுவே நெடுநேர நிற்றல். வலி ஓரளவு அடங்கியிருந்தால் பெரும்பாலானோரால் முடியும். சில நாள் வலி கூடும்; நிரந்தரக் கேடு வருவது அரிது. முன்கூட்டியே சில வாரங்கள் மேலே சொன்ன பயிற்சிகளைச் செய்து, மெதுமெதுவாக நடக்கும் தூரத்தைக் கூட்டுங்கள். வெயிலில் சாலை கொதிக்கும் என்பதால் இரவு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். குதிகாலையும் வளைவையும் சேர்த்து டேப் ஒட்டிவிடும்படி பிசியோதெரபிஸ்டிடம் கேட்கலாம்.

நடப்பதற்காக வலி நிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டுப் புறப்படாதீர்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை விரதத்தோடும் நீர் குறைந்த உடலோடும் சேர்ந்தால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். இரத்த அழுத்த மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பாதம் மரத்த நீரிழிவுக்காரர்கள் வேண்டுதலை வேறு வகையில் செலுத்தலாமா என்று கோயிலில் கேட்டுக்கொள்வது நல்லது.

வேலையில 12 மணி நேரம் சேஃப்டி பூட்டோட நிக்கணும். லீவு போட முடியாது. என்ன செய்யறது?

முழு ஓய்வு தேவையில்லை; சொல்லப்போனால் அது நார்ப்பட்டையை இன்னும் பலவீனமாக்கும். தேவைப்படுவது சுமையைத் துண்டு துண்டாக்குவது. பூட்டுக்குள் வளைவு தாங்கும் இன்சோல் வையுங்கள், ஒரே இடத்தில் நிற்காமல் எடையை மாற்றிக்கொண்டே இருங்கள், ஒவ்வொரு இடைவேளையிலும் அமர்ந்து, எழுமுன் விரல்களை மேல்நோக்கி இழுத்துவிடுங்கள். அடி தேய்ந்த பூட்டை மாற்றித் தரும்படி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். வேலை அனுமதிச் சீட்டில் இங்கு வந்திருப்பவர்களின் மருத்துவச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்பது சட்டம். அதனால் வலியை மறைத்துக்கொண்டு நொண்டி நடக்க வேண்டியதில்லை. தேசிய சேவையில் இருக்கும் தம்பிமார்கள் நெடுநடைப் பயிற்சிக்கு முன்பே முகாம் மருத்துவ அதிகாரியைப் பாருங்கள்.

யாரைப் பார்க்கணும்? நேரா ஸ்பெஷலிஸ்ட்கிட்டயே போயிடலாமா?

ஆறு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மாற்றம் இல்லாவிட்டால் பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) அரசாங்கத்தின் மருத்துவச் சலுகைக்கான சாஸ் அட்டையை ஏற்கும் அருகிலுள்ள மருந்தகத்துக்கோ போங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று அரசாங்க மருத்துவமனையின் பாத மருத்துவரையோ, பிசியோதெரபிஸ்டையோ, எலும்பு மருத்துவரையோ பார்த்தால் சலுகைக் கட்டணம் கிடைக்கும். நேராகப் போனால் முழுக் கட்டணம். மாதக்கணக்கான வலிக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருப்பதில் பயனில்லை.

இது குதிகால் முள்தானா, வேற ஏதாவதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

வலி குதிகாலின் அடியில், சற்று உட்பக்கமாக, கட்டைவிரலால் அழுத்தினால் ஓரிடத்தில் சுருக்கென்று இருந்து, முதல் அடி வலியும் சேர்ந்திருந்தால் மேற்சொன்னதுதான் பெரும்பாலும் காரணம். குதிகாலின் பின்புறம் வலித்தால் அது குதிகால் தசைநாணின் சிக்கல். எரிச்சலும் மரத்துப்போதலும் உள்ளங்காலில் பரவினால் கணுக்கால் உட்புறத்தில் நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். எலும்பின் இரு பக்கங்களையும் சேர்த்து அமுக்கினால் கடுமையாக வலிப்பதும், நடக்க நடக்கக் குறையாமல் கூடுவதும் எலும்பில் நுண்விரிசல் இருப்பதைக் காட்டலாம்.

இளம் வயதில் இரண்டு குதிகால்களும் வலித்து, அதோடு காலையில் கீழ்முதுகு அரை மணி நேரத்துக்குமேல் விறைத்திருந்தால் முதுகெலும்பு அழற்சி நோய் உண்டா என்று பரிசோதிக்க வேண்டும். இதை மருத்துவரிடம் நீங்களே சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் காலுக்காக வந்தவரிடம் முதுகைப் பற்றி யாரும் கேட்பதில்லை. காய்ச்சல், சிவந்த வீக்கம், படுத்திருக்கும்போதும் குறையாத இரவு வலி, திடீரென்று ‘டப்’ என்ற உணர்வுடன் உள்ளங்கால் கன்றிப்போதல் ஆகியவற்றுக்கு ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது.

என் பையனுக்கு 11 வயசு. பந்து விளையாடிட்டு வந்தா குதிகால் வலிக்குதுன்னு அழறான். அவனுக்கும் முள்ளா?

இல்லை. வளரும் பிள்ளைகளின் குதிகால் எலும்பின் பின்புறத்தில் இன்னும் இறுகாத வளர்ச்சித் தகடு இருக்கிறது. தசைநாண் அதை இழுப்பதால் வலி உண்டாகிறது. பெரும்பாலும் 8 முதல் 14 வயதுக்குள் வந்து, எலும்பு இறுகியதும் தானே போய்விடும். விளையாட்டைச் சிறிது குறைத்துக் குதிகாலுக்கு மெத்தென்ற தாங்கி வைத்தால் போதும். வீங்கினாலோ, ஓய்விலும் நொண்டினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்டெராய்டு ஊசி ஒண்ணு போட்டா உடனே சரியாயிடுமாமே?

வலி சில வாரங்களுக்கு நன்றாகக் குறையும் என்பது உண்மை. ஓரிரு மாதங்களுக்குமேல் அந்தப் பலன் நீடிப்பது அரிது. ஊசி நார்ப்பட்டையைப் பலவீனப்படுத்துவதால் அது அறுந்துபோகும் ஆபத்தும், குதிகாலின் கொழுப்பு மெத்தை கரைந்துபோகும் ஆபத்தும் உண்டு. மெத்தை கரைந்தால் திரும்ப வளராது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை அளவு ஏறும். பயிற்சியே செய்ய முடியாத அளவுக்கு வலி இருக்கும்போது, பயிற்சிக்கு வழிவிடும் ஒரு சந்தர்ப்பமாக ஊசியைக் கருதலாம். மூன்றாவது நான்காவது ஊசியைக் கேட்டு வருபவர்களுக்கு நான் ஆதரவு சொல்வதில்லை.

ஷாக்வேவ் வைக்கச் சொல்றாங்க. கரண்டு வைக்கிறதா அது?

மின்சாரம் அல்ல, ஒலி அலைகளின் அதிர்வு. வாரம் ஒருமுறையாக மூன்று முதல் ஐந்து அமர்வுகள் கொடுப்பது வழக்கம். கொடுக்கும்போது வலிக்கும். மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் தேறாதவர்களில் பலருக்குப் பயன் தருகிறது, ஆனால் உடனே அல்ல, சில வாரங்கள் கழித்துத்தான். கருவுற்றவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தனியார் நிலையங்களில் கட்டணம் பெரிதும் வேறுபடும் என்பதால் எத்தனை அமர்வுக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள்.

எட்டு மாசமா இழுக்குது. அந்த எலும்பையே வெட்டி எடுத்துட்டா என்ன?

எட்டு மாதம் என்பது இந்த நோய்க்கு வழக்கத்துக்கு மாறான காலமல்ல. பத்தில் எட்டு ஒன்பது பேர் அறுவை சிகிச்சை இல்லாமலே ஓராண்டுக்குள் தேறிவிடுகிறார்கள். முதல் கேள்விக்கான பதிலை நினைவில் வைத்திருந்தால், வலிக்குக் காரணமில்லாத எலும்பை வெட்டுவதால் மட்டும் வலி ஏன் போகாது என்பது விளங்கும். அறுவை செய்யும்போதும் மருத்துவர்கள் முக்கியமாகச் செய்வது நார்ப்பட்டையின் ஒரு பகுதியை அறுத்துத் தளர்த்துவது, அல்லது இறுகிய கெண்டைக்கால் தசையை நீட்டிவிடுவது. அதிலும் பாதத்தின் வளைவு தாழ்வது, நரம்பு காயப்படுவது, வலி இடம் மாறுவது ஆகிய ஆபத்துகள் உண்டு.

ஆகவே அறுவையைப் பற்றிப் பேசுமுன் இந்த எட்டு மாதங்களில் உண்மையில் என்ன செய்தீர்கள் என்று கணக்குப் பார்ப்போம். துண்டு வைத்துக் குதிகாலை உயர்த்தும் பயிற்சியை மூன்று மாதம் விடாமல் செய்தீர்களா? வீட்டில் செருப்பு அணிந்தீர்களா? எடை கூடியிருந்தால், குதிகாலை வருத்தாத நீச்சலையோ மிதிவண்டியையோ முயன்றீர்களா? ஆக்டிவ்எஸ்ஜி பொது நீச்சல் குளம் ஒன்று பெரும்பாலும் உங்கள் வட்டாரத்திலேயே இருக்கும். எல்லாவற்றுக்கும் ஆம் என்றால், மருத்துவர் நார்ப்பட்டையை அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்து வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்தபின் எலும்பு அறுவை மருத்துவரிடம் பேசுவது நியாயமே. இல்லை என்றால் நாளை காலை கட்டிலை விட்டு இறங்குமுன் தொடங்குங்கள்.